கீரி மூடிவிட்ட எச்சரிக்கை

ஒரு காட்டின் நடுவே குளம் ஒன்று இருந்தது. கோடையில் அந்தக் காட்டுக்கே அது ஒன்றுதான் தண்ணீர்.

எந்தக் கூட்டம், எந்த நேரத்தில், எந்த வழியாகத் தண்ணீர் குடிக்க வர வேண்டும் என்று முறை வகுக்க, விலங்குகள் குளக்கரையில் ஓர் அலுவலகம் வைத்திருந்தன. அந்த முறைப்பட்டியல் வெளியே தெரியக் கூடாது. தெரிந்தால் செந்நாய்கள் வழியிலேயே காத்திருக்கும்.

அங்கே ஏழு கணினிகள். அவற்றைக் காவல் காக்கும் வேலை கூர்மூக்கன் என்ற கீரிக்கு. எந்தக் கணினியில் எந்த நிரல் திறந்தது, யார் திறந்தார்கள் என்று தினமும் காலையில் வந்ததும் பார்த்துவிடும்.

அந்தத் திங்கட்கிழமை, நீள்செவி என்ற முயலின் கணினியைப் பற்றி ஓர் எச்சரிக்கை வந்திருந்தது. கூர்மூக்கன் அதை இரண்டு முறை படித்தது. முயலின் பிரவுசரைத் திறந்தது முயல் அல்ல. பின்னால் ஒளிந்து ஓடும் வேறொரு நிரல். அதுவும் சும்மா திறக்கவில்லை. கூடவே ஓர் எக்ஸ்டென்ஷனையும் ஏற்றித் திறந்திருந்தது. பிரவுசரோடு ஒட்டிக்கொண்டு வேலை செய்யும் அந்தச் சிறு நிரல், அலுவலகம் அனுமதித்த பட்டியலில் இல்லை. டவுன்லோடு செய்தவை கிடக்கும் ஃபோல்டரிலிருந்து ஏறியிருந்தது.

கூர்மூக்கன் உடனே எழுந்து முயலிடம் போனது.

“இதை யார் கொடுத்தார்கள், நீள்செவி?”

“ஒரு நரி மின்னஞ்சலில் அனுப்பியது, அண்ணா. எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டும். கண் மங்கியவர்களுக்கு இலவசம் என்று எழுதியிருந்தது.”

“நீ பிரவுசரில் பார்ப்பதையெல்லாம் அதுவும் பார்க்குமே. உடனே எடுத்துவிட வேண்டும். நம் தலைவர் காட்டெருமை ஐயாவிடமும் சொல்ல வேண்டும்.”

முயலின் காதுகள் தொங்கிப்போயின. அது குரலைத் தாழ்த்திக்கொண்டது.

“எடுத்துவிட்டால் என்னால் ஒரு வரிகூடப் படிக்க முடியாது, அண்ணா. போன கோடையில் காது கேட்காத உடும்பை ஐயா வேலையை விட்டு அனுப்பியது ஞாபகம் இருக்கிறதா? எனக்குக் கண் தெரியவில்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.”

ஆறு வருடமாகப் பக்கத்து மேசையில் இருக்கிற தோழி. கூர்மூக்கனால் அதன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தன் இடத்துக்குத் திரும்பிவந்து, எச்சரிக்கைக்குக் கீழே எழுதியது: “விசாரித்தாயிற்று. ஆபத்தில்லை.”

செவ்வாய்க்கிழமை அதே எச்சரிக்கை மறுபடி வந்தது. புதன்கிழமையும் வந்தது. இரண்டு நாளும் அதே வரியை எழுதி மூடிவிட்டது. புதன்கிழமை எழுதும்போது, தன் கண்ணிலேயே படாத மாதிரி வேகமாக எழுதியது.

வியாழக்கிழமை காலை, தாழம்புதர் வழியாகத் தண்ணீருக்கு வந்த புள்ளிமான் கூட்டத்தைச் செந்நாய்கள் மடக்கின. அவை தேடி வரவில்லை. முன்னதாகவே வந்து, புதருக்குப் பின்னால் படுத்திருந்தன. ஐந்து மான்கள் திரும்பவில்லை. அவற்றில் இரண்டு, பால் மறக்காத குட்டிகள்.

செய்தி வந்ததுமே கூர்மூக்கனுக்குப் புரிந்துவிட்டது. ஓடிப்போய் முயலின் கணினிக்கு வரும் இணைப்பைப் பிடுங்கிப் போட்டது. பிறகு பதிவுகளைத் தேடியது. முயல் முறைப்பட்டியலைத் திறந்த ஒவ்வொரு முறையும் அந்த எக்ஸ்டென்ஷன் அதன் நகலை வெளியே எங்கோ ஒரு முகவரிக்கு அனுப்பியிருந்தது.

“என்னால்தானே, அண்ணா?” என்றது முயல்.

“உனக்கு ஆபத்து முழுதாகத் தெரியாது. எனக்குத் தெரியும்,” என்றது கூர்மூக்கன்.

காட்டெருமை எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டது. “எழுத்தைப் பெரிதாக்க அந்தக் கணினியிலேயே வழி இருக்கிறதே. என்னிடம் சொல்லியிருந்தால் நானே செய்து கொடுத்திருப்பேன்.”

“உடும்பை அனுப்பியவர் நீங்கள்தானே, ஐயா,” என்றது முயல் மெதுவாக.

காட்டெருமை முயலின் கணினியில் எழுத்தைப் பெரிதாக்கிவிட்டு வெளியே போனது.

மதியம் மான்களின் தலைவன் கிளைக்கொம்பன் வந்து வாசலில் நின்றது. உள்ளே கூப்பிட்டும் வரவில்லை.

“அந்த எச்சரிக்கையை முதலில் எப்போது பார்த்தீர்கள்?” என்று கேட்டது.

“திங்கட்கிழமை,” என்றது கூர்மூக்கன்.

கிளைக்கொம்பன் வாசலிலிருந்து திரும்பியது. “இனி எங்கள் கூட்டத்தின் பெயர் உங்கள் பட்டியலில் வேண்டாம்,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டது.

மறுநாள் மிளா மான்களும் பெயரை எடுத்துக்கொண்டன. பிறகு காட்டுப்பன்றிகள், லங்கூர் குரங்குகள். ஒரு வாரத்தில் பட்டியலில் ஒரு பெயரும் மிஞ்சவில்லை. ஒவ்வொரு கூட்டமும் தனக்குத் தோன்றிய நேரத்தில், தோன்றிய வழியில் தண்ணீருக்கு வந்தது. செந்நாய்களுக்கு இப்போது பட்டியலே தேவைப்படவில்லை.

அலுவலகத்தில் செய்ய ஒன்றும் இல்லாமல், கூர்மூக்கன் குளக்கரைக்குப் போய்க் காவல் நிற்க ஆரம்பித்தது. செந்நாய் வந்தால் குரல் கொடுக்கலாமே என்று நினைத்தது. மான்கள் தூரத்திலிருந்து அதைப் பார்த்தன. பிறகு அது நிற்காத பக்கமாகச் சுற்றிப் போய், அவசரமாக ஒரு வாய் குடித்துவிட்டு ஓடின.

கண்ணில் பட்ட ஆபத்தை முகதாட்சண்யத்துக்காக மூடிவைத்தால், அது நம்மை நம்பியிருப்பவர்கள் தலையில்தான் விடியும்.