மாறப்பன் கத்துக்கிட்ட வைத்தியம்

ஒரு ஊர்ல, மலை அடிவாரத்துல, செவத்தின்னு ஒருத்தி இருந்தா. பாம்புக்கடிக்கு வைத்தியம் பார்ப்பா. காட்டுல ஒரே மாதிரி மூணு செடி நிக்கும். ஒண்ணு மருந்து, ஒண்ணு வெறும் தழை, ஒண்ணு ஆளையே கொல்லும். தொட்டாலே அவ விரலுக்குத் தெரிஞ்சுரும். என்ன, ம் கொட்டுறீங்களா?

அந்த ஊரு ராசாவுக்கு ஒரு மச்சினன், மாறப்பன்னு பேரு. ஊரே செவத்தியக் கும்பிடுதேன்னு அவனுக்கு வயித்தெரிச்சல். ஒருநாள் வந்து, "இந்தா செவத்தி, எனக்கும் அந்த வைத்தியத்தக் கத்துக் கொடு"ன்னான். "நாலு உசுரு பிழைச்சா நல்லதுதானே, வாங்க சாமி"ன்னு அவளும் கூட்டிட்டுப் போனா.

மொத நாள் எலையக் காட்டினா. இவன் கண்ணு ரெண்டு சேவல் சண்டை போடுறதுல இருந்துச்சு. "புரிஞ்சுதா சாமி?" "ஓ, புரிஞ்சுது." ரெண்டாம் நாள் அரைச்சுக் காட்டினா. இவன் கண்ணு தெருவுல போன கல்யாணப் பல்லக்குல இருந்துச்சு. "புரிஞ்சுதா சாமி?" "ஓ, புரிஞ்சுது." மூணாம் நாள் எவ்வளவு குடுக்கணும்னு சொன்னா. கண்ணு அவ மேலதான் இருந்துச்சு, ஆனா மனசு? ராசா போடப்போற பட்டுச் சால்வைக்குப் போயிருச்சு.

அப்ப செவத்தி, "சாமி, நீங்களே ஒருக்கா பறிச்சு அரைச்சுக் காட்டுங்க. கை செஞ்சாத்தான் மனசுல தங்கும்"னா. வந்துச்சு பாரு அவனுக்குக் கோவம்! நேரா ராசாகிட்டப் போயி, "அவ மருந்துல விஷத்தக் கலக்குறா. அந்த வைத்தியமெல்லாம் எனக்கு அத்துபடி, இனிமே நான் பாத்துக்கறேன்"னுட்டான். ராசாவும் விசாரிக்காம, அவ குடிசையக் கொளுத்தி, ஆத்துக்கு அந்தப் பக்கம் வெரட்டிட்டாரு.

ரெண்டு மாசம் போச்சு. மாறப்பனுக்கு ஒரே மக, பூவாத்தா, ஏழு வயசு. மல்லி பறிக்கப் போன இடத்துல பாம்பு கடிச்சிருச்சு. புள்ள அழவே இல்ல. "அப்பா, உங்களுக்குத்தான் வைத்தியம் தெரியுமே"ன்னுச்சு.

மாறப்பன் காட்டுக்கு ஓடினான். மூணு செடியும் நிக்குது. கண்ண இறுக்க மூடி யோசிக்கிறான். சேவலோட கொண்டை வருது, பல்லக்குல தொங்குன குஞ்சம் வருது, எலை மட்டும் வரல. பாக்காதது எங்கருந்து வரும்? ஏதோ ஒண்ணப் பறிச்சான், அரைச்சான், குடுத்தான். புள்ள வாயில நுரை தள்ளிருச்சு.

ராசா ஆள் விட்டாரு. செவத்தி ஆத்து வெள்ளத்துல நீந்தியே வந்தா. அதுக்குள்ள புள்ள கால் சில்லிட்டுப் போச்சு. மடியில தூக்கி வச்சு, "பிந்திட்டேனே தங்கம்"னு அழுதா.

ராசா தலையக் குனிஞ்சுக்கிட்டு, "நான் விசாரிக்காமச் செஞ்ச பாவம்"னாரு. மாறப்பன அன்னிக்கே ஆத்துக்கு அந்தப் பக்கம் தொரத்தினாங்க. அங்க ஒருத்தரும் அவனுக்கு வாசக்கதவத் தொறக்கல. பித்துப் பிடிச்சவனா, கண்ணுல பட்ட தழையெல்லாம் மோந்து பாத்துக்கிட்டே திரிஞ்சு செத்தான்.

அவன் பொண்டாட்டி காமாயி, புள்ளையோட காரியம் முடிஞ்சதும் செவத்திகிட்ட வந்து, "அக்கா, எனக்குச் சொல்லிக் குடு"ன்னா. தினமும் போவா, பறிப்பா, தப்பாப் பறிப்பா, மறுபடி பறிப்பா. ஒரு வருஷம் ஆச்சு. அடுத்த தெருப் புள்ளைக்குப் பாம்பு கடிச்சப்ப காமாயி கைதான் காப்பாத்துச்சு. ஊரே சந்தோஷத்துல சிரிச்சுது. அவ மட்டும் வீட்டுக்குப் போயி, கதவச் சாத்திக்கிட்டு, அழுதா.

காதுல விழுந்ததெல்லாம் கத்துக்கிட்டது ஆகாது, கண்ணுகளா. கதை காட்டுக்குப் போச்சு, நீங்க தூக்கத்துக்குப் போங்க.