ஏரிக்கரை வளைவில் தொண்ணூறு

ஒசூரில் மோட்டார்சைக்கிள் மீட்டர் பழுதுபார்க்கும் பச்சையம்மாவுக்கு ஒரே ஒரு சீடர். சீடருக்கு வயது ஐம்பத்திரண்டு. ஆசானுக்கு நாற்பத்து நான்கு.

சீடர் பெயர் மாதையன். இருவரும் முன்பு ஒரே மீட்டர் தொழிற்சாலையில் இருந்தவர்கள். அவள் கடைசி மேசையில் உட்கார்ந்து, வருகிற ஒவ்வொரு மீட்டரையும் ஓட்டிப் பார்த்து முள்ளைச் சரிசெய்கிறவள். அவர் சங்கத்தின் பேச்சாளர். அறுபத்தொரு நாள் வேலைநிறுத்தம் தோற்றது. இருவருக்கும் வேலை போனது. அவளுக்குக் கையில் தொழில் இருந்தது. அவருக்கு வாயில் மட்டும்தான் இருந்தது, அந்தச் சரக்கை ஊரில் எவனும் வாங்கவில்லை.

மூன்றாம் வருஷம், பேருந்து நிலையத்துக்குப் பின்னால் அவள் வைத்திருந்த எட்டடிக் கடையின் வாசலில் வந்து நின்றார்.

"எனக்கும் கத்துக் குடு, ஆசானே" என்றார் கேலியாக.

மூன்று மாதத்தில் கேலி தேய்ந்துபோனது. ஆசான் என்ற சொல் தங்கிவிட்டது. 'குடு' என்றவர் 'குடுங்க' என்று சொல்லப் பழகினார்.

முதல் வருஷம் பச்சையம்மா அவர் கையில் திருப்புளி கொடுக்கவில்லை. சோதனை மேசை முன்னால் உட்கார வைத்தாள். மேசையில் ஒரு மோட்டார். அது எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்று அவளுக்குத் துல்லியமாகத் தெரியும். பழுதாகி வந்த மீட்டரை அதில் மாட்டி ஓட்டுவாள்.

"எவ்வளவு ஓடுது?"

"அறுபது."

"எவ்வளவு காட்டுது?"

"அறுபத்து மூணு."

"அந்த மூணு எதுக்குண்ணா?"

"ஏமாத்தறதுக்கு" என்றார் மாதையன். முதலாளிகள் செய்யும் எதற்கும் அவர் வேறு காரணம் தேடியதில்லை.

"எந்தக் கம்பெனி மீட்டரும் குறைச்சுக் காட்டாது. கொஞ்சம் கூட்டித்தான் காட்டும். ஓட்டறவன் முள்ளைப் பார்த்து நூறுன்னு நெனைப்பான். தொண்ணூத்தஞ்சுல இருப்பான். அவனைக் கேக்காம அவனுக்கு வச்ச காவல் அது."

இந்தப் பாடத்தை மாதையன் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். வினை அங்கேதான் பிடித்தது.

கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். காலை ஆறு மணிக்கு ஷிப்டு. மூன்று நிமிடம் தாமதித்தால் கேட்டை மூடிவிடுவார்கள். எட்டு மணி நேரம் கம்பெனி அவர்களை ஓட்டியது. அவர்கள் ஓட்ட முடிந்ததெல்லாம் தங்கள் வண்டியைத்தான். மாதையன் அவர்களுக்குத் துண்டறிக்கை படித்துக் காட்டுவார். சட்டம் சொல்வார், சண்டை சொல்வார். பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு அவரை மறுபடியும் 'தலைவரே' என்று கூப்பிட ஆளிருந்தது. பதினோரு பேர் சேர்ந்துவிட்டார்கள். புதுச் சங்கத்தை ஆடி முடிந்ததும் பதிவு செய்வதாகத் திட்டம்.

அந்தப் பதினோரு பேரில் வாய் நீளம் முனிராஜுக்கு.

"தலைவரே, முள்ளு நூத்திருபதைத் தொடணும். வீடியோ எடுத்துக் காட்டணும். கேன்டீன்ல மானம் போவுது."

"உன் வண்டி என்ன ராக்கெட்டாடா? முக்கினாலும் தொண்ணூத்தஞ்சைத் தாண்டாது."

"வண்டிக்கு அது தெரியாதே தலைவரே. நீங்க நாலு வார்த்தை பேசி எழுப்புங்க. எங்களை எழுப்பலையா?"

மீட்டருக்குள் தலைமுடி கனத்தில் ஒரு சுருள்வில் உண்டு. முள்ளைப் பின்னுக்கு இழுத்துப் பிடிப்பது அதுதான். அதைச் சற்றுத் தளர்த்தினால் அதே வேகத்துக்கு முள் கூடுதலாக ஏறும். பச்சையம்மா ஊருக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதையன் முனிராஜின் வில்லைத் தளர்த்தினார். அடுத்தடுத்த ஞாயிறுகளில் மற்றப் பத்துப் பேரும் வந்தார்கள்.

மாதையனுக்கு மனசு உறுத்தவில்லை. முள் நூறைத் தொட்டால் வெறி அடங்கும். வண்டி எண்பதில்தான் இருக்கும். ஆசான் சொன்ன அதே காவல், கொஞ்சம் பெரிதாக. பதினோரு உயிரைத் தான் காத்துக்கொண்டிருப்பதாக நினைத்தார். அந்த நினைப்பில் ஏழு மாதம் நிமிர்ந்து நடந்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை முனிராஜின் வண்டி பஞ்சராகி நின்றது. மனைவியின் தம்பி கோபியின் வண்டியை எடுத்துக்கொண்டு ஷிப்டுக்குக் கிளம்பினான். ராயக்கோட்டை ரோட்டில் ஏரிக்கரை வளைவு. இரண்டு வருஷமாக நாள் தவறாமல் அவன் திரும்பிய வளைவு. அன்று வண்டி திரும்பவில்லை. கரையோரக் கல்லில் போய் மோதியது.

போலீஸ் 'அதிவேகம்' என்று எழுதியது. கம்பெனி 'கேட்டுக்கு வெளியே நடந்தது' என்று எழுதியது. மாதையன் சுடுகாட்டில் பேசினார். கேட்டை மூடும் அந்த மூன்று நிமிடம்தான் முனிராஜைக் கொன்றது என்றார். கூட்டம் அழுதது. அவரும் அழுதார். சொன்னதை அவர் முழுசாக நம்பினார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலை, முனிராஜின் மனைவி நாகவேணி கடைக்கு வந்தாள். கையில் ஒரு துணிப்பை. உள்ளே இரண்டு மீட்டர்.

"அக்கா, இது கோபி வண்டியில இருந்தது. இது இவரோடது. ரெண்டையும் பார்த்துச் சொல்லுங்க."

"என்ன சொல்லணும்மா?"

"நான் அவர் பின்னாடி உக்காந்து போனவ. பயத்துல முள்ளைத்தான் பாத்துக்கினு இருப்பேன். இந்த ஆறேழு மாசமா அந்த வளைவுல தொண்ணூறு. ஒருநாளும் ஏறாது, எறங்காது. அன்னிக்கும் தொண்ணூறுலதான் திருப்பியிருப்பார். தினமும் திரும்பற வளைவுல எப்படி விழுவார்? அப்போ கோபி வண்டியிலதானே கோளாறு? பிரேக் நல்லாத்தான் இருந்துச்சுன்னு மெக்கானிக் சொல்றார். எங்க மாமனார் கோபியை வாசப்படி ஏற விடல." அவள் பையின் காதை முறுக்கினாள். "நானும் விடல."

பச்சையம்மா கோபியின் மீட்டரை மேசையில் மாட்டினாள். அறுபது ஓட்டினாள். அறுபத்து மூன்று காட்டியது.

முனிராஜின் மீட்டரை மாட்டினாள். அறுபது ஓட்டினாள். முள் எழுபத்தைந்தில் போய் நின்றது.

நாகவேணிக்கு ஒன்றும் விளங்கவில்லை. மாதையனுக்கு விளங்கியது. கையிலிருந்த துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

பச்சையம்மா மோட்டாரை நிறுத்தி, மீட்டரைத் திறந்து உள்ளே பார்த்தாள்.

"சாயந்தரம் வாம்மா. அண்ணன் சொல்லுவார்."

நாகவேணி மாதையனைக் கும்பிட்டுவிட்டுப் போனாள். சுடுகாட்டில் அவர் பேசியதை அவளிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"திருகு அசையாம இருக்க சிவப்பு நகப்பூச்சுப் பொட்டு வைக்கறது இந்த ஊர்ல ஒருத்தர்தான்" என்றாள் பச்சையம்மா. "கொடி நிறம்னு சொல்லுவீங்க."

அவர் துணியைக் கீழே வைத்தார்.

"எத்தனை வண்டி?"

"பதினொண்ணு."

"எதுக்கு?"

"நல்லதுக்குத்தான், ஆசானே. கம்பெனிக்காரன் மூணு கூட்டினா காவல். நான் பதினஞ்சு கூட்டினா கொலையா?"

பச்சையம்மா எழுந்தாள். கடை வண்டியின் மீட்டரைக் கழற்றினாள். அந்த இடத்தில் முனிராஜின் மீட்டரை மாட்டினாள். சாவியை அவரிடம் நீட்டினாள்.

"ஏரிக்கரை வளைவுல முள்ளைத் தொண்ணூறுல வச்சுத் திரும்பிட்டு வாங்க."

முக்கால் மணி நேரத்தில் மாதையன் திரும்பி வந்தார்.

"திரும்பிட்டேன். வண்டி வெண்ணெயாட்டம் திரும்புது. ஒண்ணும் ஆகல."

அவள் முனிராஜின் மீட்டரைக் கழற்றி, கடை மீட்டரை மாட்டினாள்.

"இப்போ அதே தொண்ணூறு."

அதே வண்டி. அதே ரோடு. முள் எழுபதைத் தாண்டியபோதே சட்டை படபடவென்று அடித்தது. எண்பதில் ரோட்டோரப் புளியமரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. எண்பத்துநாலில் ஏரிக்கரை தெரிந்தது, முனை உடைந்த கல் தெரிந்தது. கல் அவரை நோக்கி வந்தது. வலது கை தானாக ஆக்ஸிலரேட்டரை விட்டது. பிரேக்கை மிதித்து, தள்ளாடி, நடுரோட்டைத் தாண்டிப்போய் நின்றார். எதிரில் வந்த டெம்போக்காரன் அவருடைய தாயைத் திட்டிவிட்டுப் போனான்.

கடைக்கு வந்து வண்டியை ஸ்டாண்டில் போட்டார்.

"முடியல, ஆசானே."

"ஏன்?"

"விழுந்திருப்பேன்."

"ரெண்டு தொண்ணூறும் வேறன்னு உங்களுக்குத் தெரியும். கை விட்டுடுச்சு." அவள் சாவியை வாங்கி ஆணியில் மாட்டினாள். "அவனுக்கு யார் சொன்னா?"

மாதையன் முக்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகும் வாதாடினார். வாதாடாமல் இருக்க அவருக்குத் தெரியாது.

"கம்பெனி மீட்டரும் பொய்தானே சொல்லுது?"

"எல்லா வண்டியிலயும் அதே பொய்யைச் சொல்லுதுண்ணா. கோபி வண்டில ஏறினாலும் அதேதான், என் வண்டில ஏறினாலும் அதேதான். நீங்க உங்க ஆளுங்களுக்கு மட்டும் தனியா ஒண்ணு சொன்னீங்க."

"அவங்க மேல இருந்த பாசத்துல."

பச்சையம்மா சற்று நேரம் மேசையைத் துடைத்தாள். பிறகு ஒரு கதை சொல்கிறவள் போலச் சொன்னாள்.

"வேலைநிறுத்தத்துல நாப்பத்தேழாம் நாள். பேச்சாளர் ஒருத்தர் மேடையில சொன்னார், பக்கத்துத் தொழிற்பேட்டையிலிருந்து ரெண்டாயிரம் பேர் கிளம்பிட்டாங்கன்னு. அதைக் கேட்டு ஒருத்தி போய் லாரி முன்னாடி படுத்தா. பின்னாடி ரெண்டாயிரம் பேர் இருக்காங்கங்கற தைரியம். திரும்பிப் பார்த்தா முப்பத்தாறு பேர்."

இடது கையை நீட்டிக் காட்டினாள். மணிக்கட்டு மடங்கவில்லை. பன்னிரண்டு வருஷமாக அவர் பார்த்துக்கொண்டிருக்கும் கை.

"அது போலீஸ் அடிச்சது" என்றார் மாதையன்.

"போலீஸ் அடிச்சதுதான். முப்பத்தாறுன்னு சொல்லியிருந்தா நான் எழுந்து ஓடியிருப்பேன்."

வெளியே பேருந்து ஒன்று தருமபுரி, தருமபுரி என்று ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

"நான்தான் கொன்னேன்" என்றார் மாதையன். "ஒத்துக்கறேன். உங்ககிட்ட ஒத்துக்கறேன். ஆனா அவகிட்ட சொல்லச் சொல்லாதீங்க."

"ஏன்?"

"அவகிட்ட சொன்னா நாளைக்குப் பத்துப் பேருக்கும் தெரியும். அடுத்த மாசம் பதிவு. அவங்க என்னை நம்பினாத்தான் சங்கம். நான் நாசமாப் போனாப் போறேன், சங்கம் போயிடும். இந்தப் பசங்களுக்கு என்னை விட்டா யார் இருக்கா? கட்சிக்காரன் வருவானா? பழைய தலைவருங்க வருவாங்களா? அவங்கெல்லாம் இப்போ முதலாளி வீட்டுக் கல்யாணத்துல முன்வரிசையில உக்காந்திருக்காங்க."

அதில் பொய் எதுவும் இல்லை. அது பச்சையம்மாவுக்கும் தெரியும்.

"அப்போ என்ன பண்ணலாம்?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வி மாதையனை எழுப்பியது. முக்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். பழைய நாட்களில் கமிட்டிக் கூட்டத்தில் திட்டம் சொல்லும்போது அப்படித்தான் இழுப்பார்.

"சாயந்தரம் அவ வந்தா, ரெண்டு மீட்டர்லயும் கோளாறு இல்லன்னு சொல்லிடுவோம். ரோட்டுல மணல் கிடந்திருக்கும்னு சொல்லுவோம். கோபி மேல தப்பில்லன்னு அவங்க மாமனார்கிட்ட நானே போய்ப் பேசறேன். என் பேச்சைக் கேப்பார். அந்தப் பையன் நாளைக்கே வீட்டுக்குள்ள போவான்."

"சரி."

"மீதிப் பத்துப் பேரையும் ஒவ்வொருத்தனா வரச் சொல்றேன். மீட்டருக்கு எண்ணெய் போடணும்னு வாங்கி, வில்லை இறுக்கி, பழையபடி வச்சிடறேன். யாருக்கும் தெரியாது. ஒரே வாரம். அப்புறம் எந்த வண்டியிலயும் என் பொய் இருக்காது. இதுக்கு மேல என்ன வேணும், ஆசானே?"

பச்சையம்மா முனிராஜின் மீட்டரை எடுத்து, கோபியின் மீட்டருக்குப் பக்கத்தில் வைத்தாள். இரண்டு முள்ளும் பூஜ்யத்தில் கிடந்தன.

"ஒரு வாரத்துல எல்லாத்தையும் சரி பண்ணிடலாம்" என்றாள். "மறுநாள் காலைல பத்துப் பேரும் ஆறு மணி ஷிப்டுக்குக் கிளம்புவாங்க. ஏரிக்கரை வளைவு வரும்போது முள்ளை எதுல வச்சுத் திருப்புவாங்கண்ணா?"