பத்தொன்பது ஊருக்குப் போன வாக்கு

"சாமி, இன்னிக்காவது ஏதாச்சும் சொல்லுங்க. பன்னெண்டு மணிக்குள்ள அனுப்பணும்" என்றான் சீடன் மெய்கண்டான்.

அடிகள் மடத்து அடுக்களை வாசலில் உட்கார்ந்து அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தார். அடுத்த காயை எடுத்தார்.

மெய்கண்டானுக்கு அந்த மௌனம் பழகிப்போனதுதான்.

ஆறு வருடங்களுக்கு முன், அடிகள் காலையில் பேசுவதை எழுதி ஓர் உள்ளூர்ப் பத்திரிகைக்குக் கொடுத்தான். சென்னையில் ஒரு சிண்டிகேட் நிறுவனம் அதைக் கேட்டு வாங்கியது. ஒருவர் எழுதியதை ஒரே நேரத்தில் பல பத்திரிகைகளுக்குக் கொடுப்பது அவர்கள் தொழில். 'அடிகள் வாக்கு' இப்போது பத்தொன்பது ஊர்ப் பத்திரிகைகளில் வருகிறது. தூத்துக்குடியில், கோவையில், பெங்களூரில், மும்பையில்.

அடிகள் பேசுவதுதான் குறைந்துகொண்டே வந்தது. முதலில் வாரத்துக்கு நாலு நாள். பிறகு ஒரு நாள். பிறகு அதுவும் இல்லை.

வாக்கு மட்டும் ஒருநாளும் நிற்கவில்லை.

"நாலு வருசமா நானேதான் எழுதுறேன் சாமி. உங்க பேர்ல. அலுத்துப் போச்சு."

"தெரியும்."

"தெரிஞ்சுமா ஒண்ணும் சொல்லல?"

"நீ கேக்கலையே."

மெய்கண்டான் அப்படியே சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தான்.

அப்போதுதான் ஓர் அம்மாள் வந்தாள். பெயர் நல்லம்மா, ராசிபுரம் பக்கம் என்றாள். சுருக்குப்பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து அடிகளிடம் நீட்டினாள். பத்திரிகையிலிருந்து வெட்டியது. மடிப்பில் எழுத்துத் தேய்ந்திருந்தது.

"இது நீங்க சொன்னதுங்களா சாமி?"

அடிகள் வாங்கிப் படித்தார். "போனதைத் தேடி அலையாதே. உனக்குரியது உன் வாசலுக்கு வரும்."

"எம்பையன் லோகநாதன் கோவிச்சுக்கிட்டு வீட்டை விட்டுப் போயிட்டானுங்க. ஊர் ஊராத் தேடிட்டு இருந்தேன். இதப் படிச்சதும் நிறுத்திட்டேனுங்க. மூணு வருசம் ஆச்சு." அவள் கொஞ்சம் தயங்கினாள். "இன்னும் காத்திருக்கட்டுங்களா?"

மெய்கண்டானுக்கு அந்த நாள் நினைவிருந்தது. அன்று அவனுக்குக் காய்ச்சல். பக்கம் நிறைய இரண்டு வரி குறைந்தது. கைக்கு வந்ததை எழுதி அனுப்பிவிட்டுப் போர்த்திக்கொண்டு படுத்தான்.

"நான் சொல்லலம்மா. இதோ, இவன் சொன்னான். இவன்கிட்டயே கேளுங்க" என்றார் அடிகள்.

அவள் மெய்கண்டான் பக்கம் திரும்பினாள். முகத்தில் கோபம் இல்லை. பதிலுக்குத்தான் காத்திருந்தாள். அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

ஆறுதலாக ஒரு வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. நாலு வருடப் பழக்கம். அதை விழுங்கினான்.

"நான் எழுதினது தப்பும்மா. தேடணும்" என்றான். "பையன் போட்டோ இருக்கா?"

இருந்தது. அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டான். வயது இருபத்துநாலு. இடது புருவத்தில் தழும்பு. வெல்டிங் வேலை தெரியும். கேட்டதையெல்லாம் எழுதினான். 'அம்மா தேடுகிறாள்' என்று முடித்து, மடத்துத் தொலைபேசி எண்ணைப் போட்டான். மேலே அடிகள் பெயர் இருக்கும் இடத்தில் தன் பெயரை எழுதினான். போட்டோவோடு அனுப்பினான்.

பத்து நிமிடத்தில் சென்னையிலிருந்து போன் வந்தது. சிண்டிகேட்டின் ஆசிரியர்.

"என்னங்க இது? வாக்கு எங்க?"

"இன்னிக்கு இதுதான் சார்."

"இது பத்தொன்பது ஊருக்குப் போறது. எல்லாருக்கும் பொதுவா ஏதாவது வேணும். ராசிபுரத்துப் பையனைப் பத்தி மும்பைக்காரன் எதுக்குப் படிக்கணும்?"

மெய்கண்டான் நல்லம்மாவைப் பார்த்தான்.

"பையன் எந்த ஊர்ல இருக்கான்னு தெரியாதுங்க சார்" என்றான்.