குறிஞ்சிக்குக் காட்டிய ஊசி

"பழத்தை வாங்கித் தின்னுது மேடம். ஊசியை எடுத்தா மட்டும் ஓட்டம் பிடிக்குது" என்றார் செங்கோடன்.

மிருகக்காட்சிசாலையில் பத்தொன்பது வருஷமாகக் கரடிகளுக்குத் தீனி வைப்பவர். விலங்குகளைப் பழக்கும் விதம் சொல்லித்தர வந்த ஜெசிந்தாவுக்கு அவர் மகள் வயது.

கரடியின் பெயர் குறிஞ்சி. முன்காலில் சீழ் பிடித்த புண்; ஊசி போட்டாக வேண்டும். முதுகில் குட்டி.

"பத்து நாள் பார்ப்பேன்" என்று மருத்துவர் சொல்லிவிட்டார். "அதுவாகத் தோளைக் கொடுக்கவில்லையென்றால், தூரத்திலிருந்து மயக்க ஊசியைச் சுட வேண்டியதுதான்."

மயங்கிச் சரிகிற தாய், குட்டியின் மேலேயே விழுந்துவிட்டால்?

செங்கோடனுக்குச் சோறு இறங்கவில்லை.

"ஊசியை எங்கே வெச்சிருந்தீங்க அண்ணே?" என்று கேட்டாள் ஜெசிந்தா.

"முதுகுக்குப் பின்னாடி."

"ஏன்?"

"பார்த்தா பயப்படுமே!"

"இப்போ அந்தக் கையில என்ன இருக்கு?"

பின்னால் கட்டியிருந்த கையை அவர் முன்னால் கொண்டுவந்தார். ஒன்றுமில்லை.

கம்பிக்கு அந்தப் பக்கம் குறிஞ்சி பழத்தைப் பார்க்கவில்லை. அவருடைய அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஜெசிந்தா முனையில்லாத ஊசிக்குழலைக் கம்பியோரம் வைத்தாள். பக்கத்தில் பழம்.

"பின்கதவைத் திறந்துவிடுங்க."

"போயிடுமே?"

"போகட்டும். ஓட வழி இருந்தாத்தான் பயமில்லாம நிக்கும்."

போயிற்று. மறுநாளும் போயிற்று.

"ஓடறதுக்கு எதுக்கு மேடம் பயிற்சி? அது அதுக்கே தெரியும்."

ஜெசிந்தா ஒரு பழத்தை உரித்து அவரிடம் நீட்டினாள். "முதல்ல நீங்க சாப்பிடுங்க."

நான்காம் நாள் குறிஞ்சி வந்து குழலை முகர்ந்தது. ஆறாம் நாள் நக்கியது. எட்டாம் நாள், குழல் தோளில் பட்டதும் விருட்டென்று ஓடியது. பிறகு தானாகவே திரும்பி வந்தது.

பத்தாம் நாள் காலை. மருத்துவர் துப்பாக்கியோடு மரத்தடியில் நின்றார்.

செங்கோடன் ஊசிமுனையைக் கரடியின் மூக்குக்கு நேரே பிடித்தார்.

"இன்னைக்கு வலிக்கும் கண்ணு. சொல்லிட்டேன்."

குறிஞ்சி முகர்ந்தது. திரும்பியது. கறுத்த தோளைக் கம்பியில் சாய்த்தது.

முனை உள்ளே போயிற்று. மருந்தெல்லாம் இறங்கிற்று. முதுகில் குட்டி கொட்டாவி விட்டது.

மரத்தடியில் துப்பாக்கி உறைக்குள் போகிற சத்தம் கேட்டது.

"அண்ணே, பழம்! பழத்தைக் குடுங்க!"

எங்கே கொடுக்க? கண்ணீர் கண்ணை மறைக்கிறது. பழக்கூடையைத் தடவித் தடவிப் பார்க்கிறார்.

குறிஞ்சி கொஞ்ச நேரம் காத்திருந்தது.

பிறகு மெல்லத் திரும்பி, அடுத்த தோளைக் கம்பியில் சாய்த்தது.