மூக்கைப் பொத்திய அவை

பூவானிக்கோட்டையை ஆண்ட அடலேறு மகாராசா எந்தப் போருக்கும் போனவரில்லை. ஆகவே தம்முடைய இரத்தத்தை அவர் முதன்முதலில் கண்டது பல் துலக்கும்போதுதான். வெள்ளிக் கிண்ணத்தில் துப்பினார். சிவப்பாக இருந்தது. அரண்மனை அதிர்ந்தது.

ராசவைத்தியர் திருமேனிப் பண்டிதர் ஓடி வந்தார். கிண்ணத்தைப் பார்த்தார், மன்னரின் வாயைப் பார்க்கவில்லை. அரச உடம்பில் குறை உண்டு என்று சொல்பவரை நாடு கடத்துவது அவ்வூர்ச் சட்டம். பார்த்தால் சொல்ல வேண்டிவரும்.

"தங்கள் ஈறுகளில் குறையில்லை, பிரபு. குறை குச்சியில். தாமரை இதழை விளக்குமாற்றால் பெருக்கலாமா?"

அவ்வளவுதான். தினமும் ஆலங்குச்சியின் நுனியை நசுக்கிப் பதமாக்கிக் கொடுத்துவந்த சோணாசலம் சிறைக்குப் போனான். அரச குருதியைச் சிந்தவைத்த குற்றத்துக்காக வரும் பௌர்ணமியன்று அவனுடைய வலக்கையை வெட்டுவது என்று தீர்ப்பாயிற்று. குச்சிக்குத் தடை விதித்தார்கள். அதற்குப் பதிலாகப் பண்டிதரின் பொன்தூள் கலந்த தேன் லேகியத்தை மன்னர் இருவேளையும் பல்லில் பூசிக்கொண்டார். இனிப்பாக இருந்தது. துலக்காததால் கிண்ணமும் சிவக்கவில்லை. மருந்து பலித்துவிட்டதென்று ஊரெங்கும் பறையறைந்தார்கள்.

பலித்தது வேறொன்று. மன்னர்முன் வாயைக் கையால் பொத்திக்கொண்டு பேசுவது பழைய மரியாதை. சில நாளில் அவையோர் கையைச் சற்றே மேலேற்றி மூக்கையும் சேர்த்துப் பொத்தினார்கள். "அவையில் பணிவு கூடியிருக்கிறது" என்று மன்னர் மகிழ்ந்தார். அதை ஒவ்வொருவரிடமும் குனிந்து சொன்னார். அவர்கள் இன்னும் பணிந்தார்கள்.

அந்தப் பணிவுக்கு வழியில்லாதவர் ஒருவர் இருந்தார். ஓலைநாயகம் வெண்காடர். மன்னர் சொல்வதையெல்லாம் உடனுக்குடன் எழுதி முத்திரை வாங்கிச் சட்டமாக்குவது அவர் வேலை. ஆகவே மன்னரின் வாய்க்கு மிக அருகில் அமர வேண்டும். ஒரு கையில் ஓலை, ஒரு கையில் எழுத்தாணி. பொத்திக்கொள்ள மூன்றாவது கை இல்லை.

அன்றைய அவை கலைந்ததும் வெண்காடர் நேரே சிறைக்குப் போனார்.

"சோணாசலம், உண்மையில் என்னப்பா கோளாறு?"

"பல்லோரத்துல காரை கல்லாட்டம் கட்டிக் கிடக்குங்க சாமி. அதுக்கடியில அழுக்கு சேர்ந்து ஈறு வீங்கியிருக்கு. வீங்கின ஈறு, தொட்டாக் கசியத்தானே செய்யும்? காரையை எடுத்துட்டு மெதுவாத் தேய்ச்சு வந்தா அடங்கிடும். சொல்லலாம்னு எத்தனை நாள் வாயெடுத்தேன்."

"சொல்லியிருந்தால் நாடு கடத்தியிருப்பார்கள்."

"ரெண்டு கையோட போயிருப்பேனே, சாமி."

வெண்காடர் கிளம்பினார். திரும்பும் வழியில் யானைக் கொட்டிலுக்குள் நுழைந்து பாகனிடம் நெடுநேரம் பேசினார்.

பௌர்ணமிக்கு முதல்நாள் காலை, மன்னர் வழக்கம்போலப் பரிவாரத்தோடு பட்டத்து யானையைப் பார்க்கப் போனார். மற்ற விஷயங்களில் எப்படியோ, யானை விஷயத்தில் அவர் அறிவாளி. கொட்டிலுக்கு இருபதடி முன்பே நின்றுவிட்டார்.

"என்ன நாற்றம் இது?"

யானையின் நகங்களைச் சுற்றி அழுக்கு அப்பியிருந்தது. நகமும் சதையும் சேருமிடத்தில் சிவப்பாக ஒழுகியது. மேலே தேனும் பொன்தூளும் மினுங்கின. ஈக்களுக்குக் கொண்டாட்டம்.

"பாகன் எங்கே?"

"சிறையில், பிரபு," என்றார் வெண்காடர். "நகத்தோரம் சுரண்டினான், இரத்தம் வந்தது. அரசருக்குள்ள நீதிதானே அரசரின் யானைக்கும்? சுரண்டும் கத்திக்குத் தடை போட்டுப் பண்டிதரின் லேகியத்தைப் பூசிவிட்டேன்."

"உமக்குப் பைத்தியமா? நகத்தடியில் அழுக்குத் தங்கினால் சதை வீங்கும். வீங்கின சதை தொட்டாலே கசியும். அது கத்தியின் குற்றமா, அழுக்கின் குற்றமா? இப்படியே விட்டால் உள்ளே சீழ் வைத்து நகமே ஆட்டங்கண்டுவிடும். இறுகின அழுக்கைக் கைதேர்ந்த ஆளை வைத்து எடுக்க வேண்டும். உப்புநீரில் கழுவ வேண்டும். தினமும் இதமாகத் தேய்க்க வேண்டும். அதன்மேல் தேனைத் தடவுகிறவன் எறும்புக்கு வைத்தியன், யானைக்கு அல்ல."

எழுத்தாணி ஓடிக்கொண்டே இருந்தது. "சுத்தம் செய்வதைத் தடுத்து லேகியம் பூசச் சொன்னவருக்குத் தண்டனை, பிரபு?"

"ஆயுள் முழுக்க இந்த நகங்களை அவரே கழுவட்டும்."

"எழுதிவிட்டேன். முத்திரை."

மன்னர் ஆத்திரத்தோடு முத்திரை மோதிரத்தை அழுத்தினார். யானைக்குப் பின்னாலிருந்து பாகன் வெளிப்பட்டு இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினான். அழுக்கு கரைந்தது. நகங்கள் பளிச்சென்று இருந்தன.

"காயமில்லை, பிரபு," என்றார் வெண்காடர். "களிமண், வெற்றிலைச் சாறு, மூன்று நாள் ஊறிய கருவாடு."

"பிறகு எதற்கு இந்தக் கூத்து?"

"அடியேனுக்கு ஓர் ஐயம். கெட்டியான ஒன்று சதையில் ஊன்றி நிற்குமிடத்தில் இரத்தம் வந்தால், குற்றவாளி அழுக்குத்தான் என்று இப்போது சட்டமாகிவிட்டது. அது யானையின் காலுக்கு மட்டுமா, மற்ற இடங்களுக்கும் செல்லுமா? நான் எந்த உடம்பிலும் குறை சொல்லவில்லை."

மன்னர் வாயைத் திறந்தார், மூடினார். நாக்கு உள்ளே ஊர்ந்துபோய் ஒரு பல்லைத் தள்ளிப் பார்ப்பது வெளியே தெரிந்தது. பல் நகர்ந்தது முகத்தில் தெரிந்தது. பிறகு உள்ளங்கையில் மெல்ல ஊதி, முகர்ந்து பார்த்தார். பக்கத்தில் நின்ற திருமேனிப் பண்டிதர் அதற்குள் மூக்கைப் பொத்தியிருந்தார். பழக்கதோஷம்.

அன்று மாலையே சோணாசலம் இரண்டு கையையும் வீசிக்கொண்டு சிறையிலிருந்து வந்தான். கடைத்தெருவில் பல் வைத்தியம் பார்க்கும் நாச்சியார் என்ற அம்மாள் நான்கு நாள் உட்கார்ந்து மன்னரின் காரையைப் பெயர்த்தெடுத்தாள். ஆலங்குச்சி திரும்பி வந்தது. இரத்தம் முதலில் குறைந்தது, பிறகு நின்றது. ஆட்டங்கண்ட பல் ஒன்றைத்தான் காப்பாற்ற முடியவில்லை. பண்டிதர் கொட்டிலில் நகம் கழுவினார்.

இரண்டு மாதம் கழித்து அவை நடுவே மன்னர் வெண்காடரைக் கூப்பிட்டுக் குறைப்பட்டுக்கொண்டார்.

"அவையில் மரியாதை குறைந்துவிட்டது. முன்பெல்லாம் மூக்கோடு சேர்த்துப் பொத்துவார்கள். இப்போது வெறும் வாயைத்தான் பொத்துகிறார்கள்."

"ஒரே மாதத்தில் அந்த மரியாதையைத் திருப்பித் தரலாம், பிரபு. சோணாசலத்தை மட்டும் மறுபடி சிறைக்கு அனுப்புங்கள்."

மன்னர் சற்று யோசித்தார். புரிந்ததும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்து, கழுத்து முத்துமாலையைக் கழற்றி வெண்காடருக்குப் போட்டார். சிரித்தபோது பல் போன இடம் பெரிதாகத் தெரிந்தது. அவை முழுவதும் அதைப் பார்த்தது. சட்டப்படி யாரும் பார்க்கவில்லை.