காய்ச்சல்கார ஸ்னோமொபைல்

இந்தக் கதையில் நீங்கள் சிரிப்பீர்கள், அதற்கு நான் பொறுப்பு. ஆனால் உடனே இல்லை. முதலில் ரோல்ஸ் ஆறிப்போன விசயத்தைச் சொல்லவேண்டும்; அது சிரிப்பில்லை.

கனடாவில், வட ஒன்ராறியோவில் ஓர் ஏரி. மாரிக் குளிரில் உறைந்து தரையாகிவிடும். நடு ஏரியில் பனிக்கட்டியை ஓட்டை போட்டு மீன் பிடிக்கிறவர்களுக்கு ஏரம்பமூர்த்தி ஆட்டிறைச்சி ரோல்ஸ் விற்பார். நடந்து போய்ச் சேருவதற்குள் ரோல்ஸ் விறகாகிவிடும். சனிக்கிழமை மீன்பிடிப் போட்டி. அன்றைக்கும் ஆறின ரோல்ஸ் வந்தால் ஓர்டர் வேறு கடைக்குத்தான் என்று போட்டிக்காரர் சொல்லிவிட்டார்கள். பனியில் பறக்கிற ஸ்னோமொபைல் ஒன்று வேண்டும், பழசானாலும் பரவாயில்லை.

மொன்றியல் சித்தப்பா போனில் புத்தி சொன்னார். ஆசையை முகத்தில் காட்டாதே. எஞ்சினைத் தொட்டுப் பார். நீ போக முன்னமே சூடாயிருந்தால் ஏதோ கோளாறு.

விற்கிறவன் பெயர் ஜெகசோதி. அவனுடைய வண்டி குளிரில் ஸ்டார்ட் ஆகாது. ஆகவே ஆட்கள் வருமுன் மண்ணெண்ணெய் ஹீட்டரை வைத்துச் சூடாக்கிவிட்டு, ஹீட்டரை மூலையில் ஒளித்துவிடுவான்.

ஏரம்பமூர்த்தி, மச்சான் சதாசிவம், கூட்டாளி நேசராசா மூவரும் ஜெகசோதியின் வண்டிக் கொட்டிலுக்குள் பின்பக்கமாக நடந்து வந்தார்கள். முகத்தைக் காட்டக்கூடாதே. முதுகைக் காட்டியபடி கையைப் பின்னால் நீட்டித் தடவினார்கள்.

“சுடுகுது அத்தான்,” என்றார் சதாசிவம்.

“எவ்வளவு?”

“பள்ளிக்கூடம் அனுப்பேலாத அளவு.”

நேசராசா பெருமூச்சு விட்டார். “உந்தக் குளிருக்குள்ள தொப்பியில்லாமல் திரிஞ்சால் காய்ச்சல் வராதோ?”

காய்ச்சலில் கிடக்கிற வருத்தக்காரனை விட்டுவிட்டுப் போக அவர்களுக்கு மனமில்லை. சதாசிவம் வீட்டுக்கு ஓடிக் கொத்தமல்லித் தண்ணி அவித்து வந்தார். பெற்றோல் தாங்கிக்குள் ஊற்றப் போனவரை ஜெகசோதி பாய்ந்து பிடித்தான். வீணாக்கக் கூடாதென்று மூவரும் பங்கிட்டுக் குடித்தார்கள். பிறகு ஈரத்துணியை வண்டியின் நெற்றியில் போட்டு மாற்றி மாற்றி ஒற்றினார்கள்.

பின்னேரம் காய்ச்சல் விட்டது. ஸ்டார்ட் பண்ணுகிற கயிற்றை இழுத்தார்கள். வண்டி முனகக்கூட இல்லை.

ஜெகசோதி அவர்களைக் கொஞ்சம் வெளியே நிற்கச் சொன்னான். நின்றார்கள். ஜன்னலால் பார்க்கவேண்டாம் என்று அவன் சொல்லவில்லை, ஆகவே பார்த்தார்கள். மூலையிலிருந்து ஹீட்டர் வந்தது. கொஞ்ச நேரத்தில் வண்டி உறுமியது.

ஏரம்பமூர்த்தி மற்ற இருவரையும் ஒதுக்குப்புறமாக அழைத்தார்.

“ஹீட்டர் இல்லாமல் வண்டி ஓடிச்சுதோ?”

“இல்லை.”

“வண்டி இல்லாமல் ஹீட்டர் எரியுமோ?”

“எரியும்.”

“அப்ப ஆரை நம்பி ஆர் இருக்கினம்? கள்ளன், ஹீட்டரை ஒளிச்சு வைச்சுக்கொண்டு வெறும் வண்டிக்கோதை எங்கட தலையில கட்டப் பாக்கிறான்.”

மூவரும் உள்ளே போய், வண்டி வேண்டாம், ஹீட்டரைத் தா என்றார்கள். ஜெகசோதி சிரிப்பை இருமலாக்கி விழுங்கினான். வண்டிக்குச் சொன்ன விலையையே ஹீட்டருக்கும் சொன்னான். கொடுத்தார்கள்.

நீங்கள் இப்போது சிரிக்கலாம். வேண்டாம், இன்னும் கொஞ்சம் பொறுங்கள்.

சனிக்கிழமை காலை ஏரிக்கரையோரம் பனிக்கட்டி மேல் ஹீட்டரை வைத்து, ரோல்ஸ் பெட்டியை அதற்குப் பின்னால் கட்டி, மூவரும் பெட்டிமேல் வரிசையாக ஏறி இருந்தார்கள். கொளுத்தினார்கள். இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள்.

வெக்கையில் பெட்டி சூடாக, வாசனை நடு ஏரிவரை போனது. மீன்பிடிக்காரர் தூண்டிலும் கையுமாக நடந்து வந்து ஹீட்டரைச் சுற்றி நின்று, சுடச்சுட முழு ரோல்சையும் தின்று தீர்த்தார்கள். ஓர்டர் இனி எப்போதும் உங்களுக்குத்தான் என்றார்கள். ஏரம்பமூர்த்தி வேண்டாவெறுப்பாகத் தலையாட்டினார். வண்டி இன்னும் ஓரடிகூட நகரவில்லை.

“அண்ணை, வெளிக்கிட்டுட்டுது,” என்றார் நேசராசா.

உண்மைதான். ஹீட்டர் போய்க்கொண்டிருந்தது, கீழே. பனிக்கட்டி உருகி, ஹீட்டரின் கால்கள் மெல்ல மெல்லத் தண்ணீருக்குள் இறங்கின. மூவரும் வேகத்தில் அடிக்கப்போகிற காற்றுக்குத் தலையைக் குனிந்துகொண்டார்கள். பக்கத்தில் நின்ற மீன்பிடிக்காரர் ஒருவர் குழியை எட்டிப் பார்த்து, விளையாட்டுக்கு அதற்குள் தூண்டிலைப் போட்டார்.

ஏரம்பமூர்த்தி அந்தத் தூண்டிலைப் பார்த்தார். ஹீட்டரைப் பார்த்தார். முகம் இருண்டது.

“டேய், எங்களை நல்லா ஏமாத்திப்போட்டானடா. இது ஸ்னோமொபைலே இல்லை. ஓட்டை போடுற மெசின்.”