அக்கரைத் தவளைகள்

உப்புக் கிடங்கு உத்தியோகம் போதும் போதும் என்றாகி, தாடி நரைத்த பிறகு கவிதை கற்க வந்தவர் ஃபெங். ஆசான் கெங் அவரைவிட வயதில் இளையவர். அதில் ஃபெங்குக்குக் கொஞ்சம் கூச்சம், அவர் மனைவிக்கு அதைவிடக் கூச்சம். இந்த வருடமும் மாவட்டக் கவியரங்கில் மேடை ஏறாவிட்டால், புளித்த காடி விற்கும் தன் தம்பியின் கடையில் ஜாடி கழுவ வரவேண்டியதுதான் என்று அவள் சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிறவள்.

மேடை ஏற ஆசானின் முத்திரை வேண்டும். ஆசான் கொடுத்த பொருள், கிராமத்துக் குழந்தை.

ஃபெங் அன்றைக்கே எழுதிக்கொண்டு வந்து நீட்டினார். எருமை முதுகில் ஒரு பையன், கையில் புல்லாங்குழல், பின்னால் மாலைச் சூரியன்.

"இந்தப் பையனை எங்கே பார்த்தீங்க?" என்றார் ஆசான்.

"எல்லார் கவிதையிலும் இருக்கானே, ஐயா."

"பாவம், ஊதி ஊதி அவனுக்கு வாயே வலிச்சிருக்கும். இறக்கி விடுங்க. காலையில ஏதாவது ஊருக்குப் போவோம்."

படகில் போனார்கள். போய் இறங்கிய ஊரில் பேச்சு மூச்சு இல்லை. கதவெல்லாம் சாத்தியிருந்தது.

அது பட்டுப்புழு மாதம். புழுக்கள் தோல் உரிப்பதற்காக உறங்கும்போது சத்தம் கேட்டால் கூடு கட்டாமலே செத்துவிடும் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. அந்த நாட்களில் விருந்தாளி வரமாட்டார். வரி வசூலிப்பவரே வரமாட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

குழந்தைகளின் கூச்சலைக் கேட்டு எழுதலாம் என்று வந்த ஃபெங்குக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

குளத்தங்கரையில் மட்டும் ஒரு சிறுமி குந்தியிருந்தாள். உதட்டில் விரலை வைத்துத் தண்ணீரைப் பார்த்துக் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

"ஷ்ஷ்! கத்தாதீங்க. எங்க வீட்டுல புழு தூங்குது."

தவளைகள் இன்னும் உற்சாகமாகக் கத்தின. ஃபெங் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

சிறுமி திரும்பினாள். "தாத்தா, உங்களுக்கும் சேர்த்துத்தான் சொன்னேன்."

தாத்தா என்றது அவருக்குச் சுருக்கென்றது. "தவளைக்கு நம்ம பேச்சு புரியாதும்மா."

"உங்களுக்குப் புரியுதே. நீங்க மட்டும் நிறுத்துனீங்களா?"

ஆசான் அவள் பக்கத்தில் குந்தினார். "நிறுத்தலைன்னா என்ன ஆகும்?"

"போன வருஷம் எங்க புழு எல்லாம் செத்துப்போச்சு, மாமா. அம்மா அழுதுகிட்டே இருந்தாங்க."

"நானும் சொல்லிப் பார்க்கட்டுமா?"

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். ஆள் தேறுவார் என்று தோன்றியிருக்க வேண்டும். "நீங்க இங்கேயே இருங்க. நான் அக்கரையில வாய்க்கால் பக்கம் போறேன். அதட்டாதீங்க, நல்ல விதமா சொல்லணும்."

"சரி" என்றார் ஆசான். பெரிய மனிதர், மாவட்டமே மதிக்கும் கவிஞர், உதட்டில் விரலை வைத்துத் தவளைகளிடம் கெஞ்சத் தொடங்கினார்.

ஃபெங்குக்கு மனம் துள்ளியது. கிடைத்துவிட்டது கவிதை! முசுக்கொட்டை மரத்தடியில் உட்கார்ந்து, மை உரைத்து, மடமடவென்று எழுதினார். சாத்திய கதவுகள், குளம், உதட்டில் விரல். கடைசி வரியில், தவளை கேட்காது என்று அறியாத பேதைப் பிள்ளை. அந்த வரியை எழுதியபோது அவருக்கே புல்லரித்தது.

மாலையில் படகு திரும்பியது. கவியரங்குக்குப் போகும் கடைசிப் படகு. படகுக்காரரும் வாயைத் திறக்காமல் கையை ஆட்டித்தான் அழைத்தார்.

ஃபெங் ஓடிவந்து தாளை நீட்டினார். ஆசான் இருந்த இடத்திலேயே படித்தார்.

"நல்லா இருக்கு. முத்திரை பையில இருக்கு, எடுத்து ஒத்திக்கோங்க."

இவ்வளவு சுலபமாகக் கிடைக்கும் என்று ஃபெங் நினைக்கவே இல்லை. சந்தோஷம் பொங்கியது, கூடவே சந்தேகமும்.

"கடைசி வரி படிச்சீங்களா?"

"படிச்சேன். பட்டணத்துல கை தட்டுவாங்க."

"நீங்க தட்டலையே?"

"தட்டினா சத்தம் வருமே."

ஃபெங் தாளைப் பார்த்தார், படகைப் பார்த்தார். அக்கரையில் தவளைகள் விடாமல் கத்திக்கொண்டிருந்தன. சிறுமி தொண்டை கட்டிப்போய் இன்னும் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

"மறைக்காம சொல்லுங்க, ஐயா. தவளை அடங்கும்னு நம்பியா இவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கீங்க?"

"அதை நான் யோசிக்கலை" என்றார் ஆசான். "அவ அம்மா இந்த வருஷம் அழக்கூடாதுன்னு உட்கார்ந்திருக்கேன்."

படகுக்காரர் மறுபடியும் கையை ஆட்டினார். ஃபெங் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, குளத்தைச் சுற்றி அக்கரைக்கு நடந்தார். போகும்போதே உதட்டில் விரலை வைத்துக்கொண்டார்.